சரக்குப் பெட்டியின் கொக்கி: மாதிரி இரயிலும் மெய்யான இரயில்வேயும்

மாதிரி இரயில் என்பது, மெய்யான இரயில் வண்டிகளை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்து, அதே விகிதத்தில் அமைத்த பாதையில் ஓட்டும் பொழுதுபோக்கு ஆகும். ஓர் எஞ்சினுக்குப் பின்னால் பத்து, இருபது பெட்டிகள் தேவைப்படுவதால், இதில் ஈடுபடுவோரின் அலமாரிகளில் நிறைந்திருப்பவை சரக்குப் பெட்டிகளே. ஐக்கிய அமெரிக்க நாட்டுச் சரக்குப் பெட்டியின் மாதிரி ஒன்றை எடுத்துப் பார்த்தால், அதன் இரு முனைகளிலும் மடக்கிய விரல்களைப் போன்ற சிறு கொக்கிகள் இருக்கும். இரண்டு பெட்டிகளை மெல்ல மோதவிட்டால் அவை தாமாகவே கோத்துக்கொள்ளும்.

விளையாட்டில் இது ஒரு வசதி. மெய்யான இரயில்வேயில் இந்தக் கொக்கி எல்லாப் பெட்டிகளுக்கும் வந்து சேர்வதற்குள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் விரல்களை இழந்தனர். பலர் உயிரையே இழந்தனர். அந்த வரலாற்றையும், அதே சிக்கல் மாதிரி இரயில் உலகில் மீண்டும் தோன்றித் தீர்ந்த விதத்தையும் இக்கட்டுரை கூறுகிறது.

மாதிரி இரயிலின் தொடக்கமும் அளவுகளும்

பொம்மை இரயில்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே செய்யப்பட்டன. ஆனால் ஒருவர் செய்த பெட்டி இன்னொருவர் செய்த பாதையில் ஓடாது. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் கண்காட்சியில், வரையறுத்த பாதை அகலங்களைக் கொண்ட பொம்மை இரயில் தொகுப்பை அறிமுகப்படுத்தியது. ஒரு முறை வாங்கியவர் அடுத்த ஆண்டு மேலும் சில பெட்டிகளையும் பாதைத் துண்டுகளையும் வாங்கிச் சேர்க்க இதனால் வழி ஏற்பட்டது.

அமெரிக்காவில் ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் 1900இல் நியூயார்க்கில் லயனல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் இரயில் பொருள் ஓர் எஞ்சின் அன்று. மின்மோட்டார் பொருத்திய, மேலே திறந்த ஒரு மரச் சரக்குப் பெட்டி அது. கடைக்காரர்கள் தங்கள் கண்ணாடிக் காட்சி மாடத்தில் பொருள்களை ஏற்றிச் சுற்றவிட்டு வாடிக்கையாளரை ஈர்ப்பதற்காகவே அது செய்யப்பட்டது. வந்தவர்கள் உள்ளிருந்த பொருளை விட்டுவிட்டுப் பெட்டியையே விலைக்குக் கேட்டனர் என்பது லயனல் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி.

இன்று உலகில் மிகுதியாகப் புழங்கும் அளவு எச்.ஓ. எனப்படுகிறது. ஓ என்ற பழைய அளவின் பாதி என்பதால் இப்பெயர். மெய்யான ஓர் அடி இதில் 3.5 மில்லிமீட்டர், அதாவது விகிதம் 1:87. 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள பொதுத்தரப் பாதை இதில் 16.5 மில்லிமீட்டர் ஆகிறது. 40 அடி நீள மூடுபெட்டி சுமார் 14 சென்டிமீட்டர் ஆகி, கையில் அடங்கிவிடுகிறது.

ஊர் ஊராக அலையும் பெட்டி

சரக்குப் பெட்டிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. எஞ்சின் பெரும்பாலும் தன் நிறுவனத்தின் பாதையிலேயே ஓடும். சரக்குப் பெட்டி அப்படியன்று. அமெரிக்காவில் இரயில்வே தனியார் நிறுவனங்களின் கையில் இருந்தது. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இருந்தன. மேற்குக் கரையில் ஏற்றிய மரம் கிழக்கு நகருக்குப் போக வேண்டுமானால், பெட்டி பல நிறுவனங்களின் பாதைகளைக் கடக்க வேண்டும். ஒவ்வோர் எல்லையிலும் சரக்கை இறக்கி ஏற்றினால் செலவு கட்டாது. எனவே பெட்டியையே அடுத்த நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முறை வந்தது. பிறருடைய பெட்டியைப் பயன்படுத்தும் நிறுவனம் தொடக்கத்தில் ஓடிய மைலுக்கு ஏற்பவும், 1902 முதல் நாள் கணக்கிலும் உரிமையாளருக்கு வாடகை கொடுத்தது. பெட்டியின் பக்கவாட்டில் காணும் சுருக்க எழுத்துகளும் எண்ணும் இந்தக் கணக்குக்காகவே எழுதப்பட்டவை. மாதிரி செய்வோர் அவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவு நுணுக்கமாக அச்சிடுகின்றனர்.

இப்படிப் பெட்டிகள் கைமாற வேண்டுமானால் முதலில் பாதை அகலம் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 5 அடி அகலப் பாதை இருந்தது. 1886 மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாட்களில் சுமார் 11,500 மைல் நீளத்துக்கு ஒரு தண்டவாளத்தை மட்டும் 3 அங்குலம் உள்ளே நகர்த்தி, வட மாநிலப் பாதையோடு பொருந்தச் செய்தார்கள். மீட்டர் பாதையும் அகலப் பாதையும் சந்தித்த நிலையங்களில் மூட்டைகளை இறக்கி ஏற்றிய காட்சி தமிழ்நாட்டில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தொல்லையைத்தான் அவர்கள் இரண்டே நாட்களில் ஒழித்தார்கள்.

பாதை ஒன்றானது. பெட்டிகளைக் கோக்கும் கருவி மட்டும் ஒன்றாகவில்லை.

கண்ணியும் முளையும்

அன்றைய அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளில் இருந்தது மிக எளிய இணைப்பு. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் இரும்புக் குழிவு ஒன்று இருக்கும். நீள்வட்டமான ஓர் இரும்புக் கண்ணியை இரு குழிவுகளிலும் நுழைத்து, மேலிருந்து இரும்பு முளையைச் செருகினால் இரண்டும் இணையும்.

வேலை செய்யும் முறையைக் கவனித்தால் ஆபத்து விளங்கும். ஒரு பெட்டி நிற்கும். மற்றொன்றை எஞ்சின் பின்னோக்கித் தள்ளி வரும். பிரேக்மேன் எனப்பட்ட ஊழியர் இரண்டுக்கும் இடையில் நின்று, கண்ணியைக் கையால் தூக்கிப் பிடித்து, எதிரே வரும் குழிவுக்குள் வழிகாட்ட வேண்டும். மோதும் நொடிக்குச் சற்று முன் கையை எடுத்துவிட வேண்டும். கண்ணி தொங்கினாலோ, குழிவுகளின் உயரம் வேறுபட்டாலோ, தண்டவாளத்தில் கால் இடறினாலோ கை நசுங்கும். சில வேளைகளில் உடலே நசுங்கும். இரவிலும் மழையிலும் பனியிலும் இதே வேலைதான்.

பிரேக்மேனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எஞ்சின் ஓட்டுநர் ஊதலால் சைகை கொடுத்ததும், ஓடும் வண்டியின் கூரைமேல் நடந்து, பெட்டி பெட்டியாகத் தாவி, ஒவ்வொன்றின் கைச்சக்கரத்தையும் முறுக்கி வண்டியை நிறுத்த வேண்டும். பழைய மூடுபெட்டிகளின் மாதிரிகளில் கூரையின் நடுவே ஒரு நடைபலகையும், ஒரு முனையில் உயர்ந்து நிற்கும் சிறு சக்கரமும் காணப்படும். பார்ப்பவர்கள் அவற்றை அலங்காரம் என்று நினைப்பதுண்டு. அவை ஒரு மனிதர் நடந்த பாதையும் அவர் பிடித்த சக்கரமும் ஆகும்.

குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் 1889இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் ஒரு கணக்கைக் குறிப்பிட்டார். 1888 ஜூன் மாதத்தோடு முடிந்த ஓராண்டில் 2,000க்கும் மேற்பட்ட இரயில்வே ஊழியர்கள் பணியில் இறந்தனர். 20,000க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பயனுள்ள ஒரு தொழிலைச் செய்பவர்கள் போர்க்களத்துப் படைவீரனுக்கு நிகரான ஆபத்தில் இருப்பது நாகரிகத்துக்கு இழுக்கு என்று அவர் எழுதினார்.

ஜேனியின் மரக்கொக்கி

இதற்கு விடை கண்டவர் எலி ஹாமில்டன் ஜேனி. வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியாவில் ஜவுளிக் கடை ஒன்றில் எழுத்தராக இருந்தவர். உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படையில் பணியாற்றியவர். இரயில்வேப் பொறியாளர் அல்லர். மதிய உணவு இடைவேளைகளில் மரத்துண்டைக் கத்தியால் செதுக்கித் தம் கொக்கியின் வடிவத்தை உருவாக்கினார். ஆக, மெய்யான இரயில்வேயின் இந்தப் பெரும் மாற்றமும் கையடக்கமான ஒரு மாதிரியில்தான் தொடங்கியது.

இரண்டு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தால் அவருடைய கருத்து புரியும். கொக்கியின் ஒரு பகுதி கீல் போலத் திரும்பக்கூடியது. இரண்டு கொக்கிகள் மோதும்போது அப்பகுதி உள்ளே மடங்கிப் பூட்டிக்கொள்ளும். கழற்றுவதற்குப் பெட்டியின் பக்கவாட்டிலிருந்து ஒரு நெம்புகோலைத் தூக்கினால் போதும். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே யாரும் நுழைய வேண்டியதில்லை. 1873இல் அவர் காப்புரிமை பெற்றார்.

கருவி கிடைத்துவிட்டது; ஆனாலும் மாற்றம் வரவில்லை. செலவு ஒரு காரணம். பொருத்தமின்மை அதைவிடப் பெரிய காரணம். தானியங்கி இணைப்பிகளுக்கு ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் பெறப்பட்டிருந்தன. ஒன்று மற்றொன்றோடு சேராது. ஒரு நிறுவனம் மட்டும் புதிய கொக்கிக்கு மாறினால், அதன் பெட்டிகள் பிறருடைய பெட்டிகளோடு கோக்க முடியாமல் போகும். எல்லாரும் மாறினால் எல்லாருக்கும் நன்மை. தனியாக முதலில் மாறுபவருக்கு நட்டம். பேருந்து நிறுத்தத்தில் எல்லாரும் வரிசையில் நின்றால் எல்லாருக்கும் நல்லது, ஒருவர் மட்டும் நின்றால் அவருக்கு இடம் கிடைக்காது என்பதைப் போன்ற நிலை இது.

பெட்டி கட்டும் பொறியாளர்கள் 1867இலேயே ஒரு சங்கம் அமைத்திருந்தனர். அச்சங்கம் 1887இல் ஜேனி வகைக் கொக்கியைத் தேர்ந்தெடுத்தது. ஒருவருடைய காப்புரிமைப் பொருளை நாடு முழுவதற்கும் தரமாக்குவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. கொக்கியின் கோக்கும் வளைவு வடிவத்துக்கான தம் உரிமையை ஜேனி விட்டுக்கொடுத்தார். உள்ளே பூட்டும் அமைப்பை யார் எப்படிச் செய்தாலும், வெளிவளைவு ஒன்றாக இருந்தால் எந்தப் பெட்டியும் எந்தப் பெட்டியோடும் சேரும். இந்த விட்டுக்கொடுத்தல் இல்லாமல் பொதுத்தரம் உருவாகியிருப்பது கடினம்.

1893ஆம் ஆண்டுச் சட்டம்

சங்கத்தின் தீர்மானம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்த ஒரு சட்டம் தேவைப்பட்டது. அதற்காக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தவர் அயோவா மாநிலத்து விவசாயி லோரன்சோ காஃபின். 1874இல் ஒரு பிரேக்மேன், பெட்டிகளைக் கோக்கும்போது வலக்கையில் எஞ்சியிருந்த இரண்டு விரல்களையும் இழந்ததை அவர் நேரில் கண்டார். அன்று முதல் கூட்டங்களில் பேசினார், கடிதங்கள் எழுதினார். 1883இல் அயோவாவின் இரயில்வே ஆணையர்களில் ஒருவரானார். நீண்ட சரக்கு வண்டிகளையும் காற்று பிரேக்கால் நிறுத்த முடியும் என்று மெய்ப்பித்த 1886, 1887ஆம் ஆண்டுச் சோதனைகள் அம்மாநிலத்தின் பர்லிங்டனில் நடந்தன. முதல் சோதனைகளில் பின்பெட்டிகள் பலமாக மோதிக்கொண்டன. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் தம் வால்வைத் திருத்தியமைத்த பின்னரே வெற்றி கிடைத்தது.

1893 மார்ச் 2 அன்று, பதவி முடிய இரண்டே நாட்கள் இருந்த நிலையில், இரயில்வே பாதுகாப்புக் கருவிகள் சட்டத்தில் ஹாரிசன் கையெழுத்திட்டார். அதன் முக்கியக் கூறுகள்:

1. மாநிலங்களுக்கு இடையே ஓடும் பெட்டிகளில், மோதினால் தானே கோக்கும் இணைப்பி வேண்டும். கழற்றுவதற்கும் ஊழியர் இடையே நுழைய நேரக் கூடாது.
2. எஞ்சின் ஓட்டுநரே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் போதிய பெட்டிகளில் பிரேக் வேண்டும்.
3. பெட்டிகளின் முனைகளிலும் பக்கங்களிலும் கைப்பிடிகள் வேண்டும்.
4. சட்டத்துக்குப் புறம்பான பெட்டியால் காயமடைந்த ஊழியர், ஆபத்தை அறிந்தே வேலை செய்தார் என்று கூறி நிறுவனம் தப்பிக்க முடியாது.

நான்காவது கூறு குறிப்பிடத்தக்கது. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்பதே அதுவரை நீதிமன்றங்களில் நிறுவனங்கள் வைத்த வாதம். சட்டத்துக்கு இணங்க 1898 வரை கெடு தரப்பட்டது. பின்னர் அது 1900 வரை நீட்டிக்கப்பட்டது.

ஜான்சனின் கை

கெடு முடிந்த அதே 1900ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், யூட்டாவின் புரொமாண்டரியில் சதர்ன் பசிபிக் நிறுவனத்தின் பிரேக்மேன் ஜான்சன், ஓர் எஞ்சினை உணவுப் பெட்டி ஒன்றோடு கோக்க முயன்றார். 1869இல் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போடப்பட்டு வந்த இரண்டு பாதைகள் சந்தித்து, கண்டத்தை இணைத்த இடம் அது. எஞ்சினில் ஜேனி வகைக் கொக்கி இருந்தது. உணவுப் பெட்டியில் மில்லர் வகைக் கொக்கி. இரண்டுமே தானியங்கிகள், ஆனால் ஒன்றோடொன்று தானாகக் கோக்காதவை. ஜான்சன் பழைய முறைப்படி கண்ணியைப் பிடித்துக்கொண்டு இடையே நுழைந்தார். அவருடைய கை நசுங்கி, வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

கீழ் நீதிமன்றங்கள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. இரண்டிலும் தானியங்கிக் கொக்கி இருந்ததால் சட்டம் நிறைவேறிவிட்டது என்றும், எஞ்சின் ஒரு பெட்டி ஆகாது என்றும் காரணம் கூறின. உச்ச நீதிமன்றம் 1904 டிசம்பரில் அதை மாற்றியது. எஞ்சினும் சட்டத்தின் கீழ் வரும். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கொக்கி இருந்தால் போதாது, அவை ஒன்றோடொன்று தாமாகக் கோக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் நோக்கமே வீணாகிவிடும் என்று தீர்ப்பளித்தது. பொதுத்தரம் என்பதன் பொருளை இந்த வழக்கைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மாதிரி உலகில் அதே சிக்கல்

மாதிரி இரயில் உலகமும் இதே வழியில் சென்றது. 1930களில் அமெரிக்காவில் சிறுதொழில் நிறுவனங்கள் பல மாதிரிப் பெட்டிகளைச் செய்து விற்றன. ஒருவருடைய சக்கரம் இன்னொருவருடைய பாதையில் தடம்புரண்டது, கொக்கிகள் பொருந்தவில்லை. 1935இல் மில்வாக்கி நகரில் கூடிய ஆர்வலர்கள் தேசிய மாதிரி இரயில் சங்கத்தைத் தொடங்கினர். பாதை அகலம், சக்கரத்தின் வடிவம் போன்றவற்றுக்குத் தரம் வகுப்பது அதன் முதன்மைப் பணி. ஒருவர் தம் பெட்டிகளை எடுத்துச் சென்று நண்பர் வீட்டுப் பாதையில் ஓட்ட முடிய வேண்டும் என்பதே குறிக்கோள்.

கொக்கியில் மட்டும் உடன்பாடு எளிதாக வரவில்லை. 1950களில் கொம்பு போன்ற நீட்டமுடைய ஒரு பிளாஸ்டிக் கொக்கி பரவியது. சங்கத்துக்குள் வரையப்பட்ட அவ்வடிவத்தைச் சங்கம் அதிகாரபூர்வத் தரமாக ஏற்கவில்லை. ஆயினும் மலிவாகவும் உரிமைத்தொகை இல்லாமலும் கிடைத்ததால், உற்பத்தியாளர்கள் அதையே பெட்டிகளில் பொருத்தினர். மெய்யான கொக்கியின் தோற்றம் அதில் சிறிதும் இல்லை.

ஆரெகன் மாநிலத்தைச் சேர்ந்த கீத், டேல் எட்வர்ட்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள் ஜேனி கொக்கியைப் போலவே தோன்றி, அதைப் போலவே தானாகக் கோக்கும் சிறு கொக்கியை உருவாக்கினர். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளிலிருந்து வந்ததே கேடீ என்ற நிறுவனப் பெயர். அக்கொக்கியின் அடியில் வளைந்து தொங்கும் ஓர் எஃகுக் கம்பி இருக்கும். பார்வைக்கு அது மெய்யான பெட்டியின் காற்று பிரேக் குழாய் போலிருக்கும். தண்டவாளங்களுக்கு இடையே பதித்த காந்தம் அக்கம்பியை இழுக்கும்போது கொக்கி திறந்துகொள்ளும்; கையால் தொடாமலே பெட்டியைக் கழற்றலாம்.

ஆர்வலர்கள் பெட்டியை வாங்கியதும் கொம்புக் கொக்கியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கேடீ கொக்கியைத் தனியே வாங்கிப் பொருத்தும் பழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1990களின் பிற்பகுதியில் காப்புரிமைக் காலம் முடிந்ததும், பிற நிறுவனங்கள் அதனோடு கோக்கக்கூடிய கொக்கிகளைச் செய்யத் தொடங்கின. கொம்புக் கொக்கி விரைவில் மறைந்தது. ஜேனி விட்டுக்கொடுத்ததால் மெய்யான இரயில்வேயில் நடந்தது, காப்புரிமை காலாவதியானதால் மாதிரி உலகில் நடந்தது.

பெட்டியில் படிக்கக் கிடைக்கும் பிற செய்திகள்

மாதிரிப் பெட்டியின் காலத்தைக் கூரையைப் பார்த்தே கணிக்கலாம். காற்று பிரேக் பரவிய பின் கூரைமேல் ஓடும் தேவை குறைந்தாலும், நடைபலகை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1966 முதல் புதிய மூடுபெட்டிகள் நடைபலகை இல்லாமல் கட்டப்பட்டன. ஆகவே 1970களின் இரயிலை அமைப்பவர், பழைய மாதிரி ஒன்றின் நடைபலகையைப் பெயர்த்தெடுத்துப் பொருத்திய தடயத்தையும் காட்டுவார்.

விளம்பரம் எழுதிய குளிர்பெட்டிகள் மற்றொரு சான்று. இறைச்சி, பாலாடைக்கட்டி, பீர் ஆகியவற்றைப் பனிக்கட்டி நிரப்பிக் கொண்டுசென்ற இப்பெட்டிகளில் பல, வாடகைக்கு எடுத்த நிறுவனங்களின் வண்ண விளம்பரங்களைத் தாங்கி ஓடின. ஒரு வணிகரின் பெயர் பொறித்த பெட்டியில் போட்டியாளர் தம் சரக்கை ஏற்ற விரும்பமாட்டார். விளம்பரத்தின் பெயரால் சில வணிகர்களுக்கு மறைமுகக் கட்டணச் சலுகையும் போய்ச் சேர்ந்தது. மாநிலங்களிடை வணிக ஆணையம் 1934இல் இதற்கு எதிராக முடிவெடுத்தது. சில ஆண்டுகளில் இவ்விளம்பரங்கள் தண்டவாளத்திலிருந்து மறைந்தன. மாதிரிக் கடைகளில் அவை இன்றும் விரும்பி வாங்கப்படுகின்றன.

பிற நாடுகளில்

ஜப்பான் பல ஆண்டுகள் முன்னேற்பாடு செய்து, 1925 ஜூலையில் ஹொன்ஷு, கியூஷு தீவுகளின் பெட்டிகளை ஒரே வீச்சில் தானியங்கிக் கொக்கிக்கு மாற்றியது. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் சரக்குப் பெட்டிகள் இன்றும் திருகு இணைப்பியால் கைகொண்டே கோக்கப்படுகின்றன; தானியங்கிக்கு மாறும் முயற்சி இப்போதுதான் நடந்துவருகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பிய மாதிரிப் பெட்டிகள் நெடுங்காலமாகத் தாமாகவே கோத்துக்கொள்கின்றன. பொம்மைக்குக் கிடைத்த வசதி மெய்யான பெட்டிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இந்திய இரயில்வேயில் பழைய நான்கு சக்கர வேகன்களில் திருகு இணைப்பியும் பக்க பஃபர்களும் இருந்தன. பின்னர் வந்த நீண்ட வேகன்களில் ஜேனி கொக்கியின் வழிவந்த நடு இணைப்பி பொருத்தப்பட்டது. பயணிகள் பெட்டிகளில் இம்மாற்றம் தாமதமாகவே வந்தது. சென்னை பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை தன் பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தியை 2018இல் நிறுத்தி, நடு இணைப்பி கொண்ட புதிய வகைக்கு முழுமையாக மாறியது.

மாணவர்கள் அடுத்த முறை இரயில்வே கேட்டில் நிற்கும்போது, கடந்து போகும் சரக்கு வண்டியில் இரண்டு வேகன்களுக்கு இடையே உற்றுப் பார்க்கலாம். மடக்கிய இரண்டு கைகள் கோத்தது போன்ற அந்த இரும்பு வடிவம் தெரியும். அதைக் கோப்பதற்காக இப்போது யாரும் அந்த இடைவெளியில் நின்று கண்ணியைப் பிடிக்க வேண்டியதில்லை.